ஒரு படி சாமையும் வாங்குவதற்கு ஆறு சொற்களும்

1. உத்தரவு

எனக்கு ஜப்பானிய மொழி தெரியும் என்ற செய்தி ஆபீசரின் காதுக்குப் போன நாளோடு என் நிம்மதி முடிந்தது. அறுபதுகளின் தொடக்கம். கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு விவசாய அலுவலகத்தில் நான் குமாஸ்தா. உரமூட்டைகளை எண்ணுவது, எண்ணியதை எழுதுவது, எழுதியதை மறுபடியும் எண்ணுவது, இவை மூன்றும்தான் என் உத்தியோகம். அதில் எந்தக் குறையும் இல்லாமல் இருந்தேன்.

ஆபீசர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மலையைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது. மலை தன் கணக்கைத் தணிக்கை செய்ய வந்த மேலதிகாரி என்பதுபோல் பார்ப்பார். அன்றைக்கு என்னைக் கூப்பிட்டார்.

"உமக்கு ஜப்பான் பாஷை வருமாமே?"

"கொஞ்சம் வரும் சார்."

"கொஞ்சம் போதும்யா. வர்றவருக்கு இங்கிலீஷ் அதைவிடக் கொஞ்சமாம். திங்கட்கிழமை மலைக்குப் போறோம். நீர்தான் துபாஷி."

இதற்குத் தனிப் படி உண்டா என்று கேட்டேன். "தேசத்துக்காகச் செய்யிற காரியம்" என்றார். தேசம் என்று யாராவது சொன்னால் படி கிடையாது என்று பொருள். இதை நான் இரண்டு அரசாங்கங்களிடம் வேலை பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

2. ஆறு சொற்கள்

அந்த இரண்டில் ஒன்று ஜப்பானிய அரசாங்கம். யுத்தத்தின்போது நான் மலாயாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஜப்பானியப் படை வந்தது. வெள்ளைக்காரத் துரை ஒரே பெட்டியோடு கிளம்பிப் போனார். மிச்சமிருந்த எங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த இருபத்திரண்டு பேரை உட்காரவைத்து அவர்கள் மொழியைச் சொல்லிக்கொடுத்தார்கள். வாத்தியார் ஒரு சிப்பாய். கரும்பலகை கிடையாது, கை உண்டு.

எழுத்துகூடப் பிடிபட்டுவிட்டது. வாங்குவதில்தான் மாட்டிக்கொண்டேன்.

தமிழில் 'வாங்கு' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் குடித்தனம் நடத்திவிடுகிறோம். கடையில் உப்பு வாங்குகிறோம், பரீட்சையில் மார்க் வாங்குகிறோம், ஊரில் நல்ல பேர் வாங்குகிறோம், மேடேறினால் மூச்சு வாங்குகிறது. யாரும் குழம்புவதில்லை. ஜப்பானியர்களுக்கு இந்தச் சிக்கனம் போதவில்லை. ஒரு பொருள் கைக்கு வந்தால் அவர்கள் முதலில் பொருளைப் பார்ப்பதில்லை. கொடுத்தவர் யார், அவர் எனக்கு மேலா கீழா, வாங்கிய பிறகு நான் என்ன செய்யவேண்டும் என்று பார்க்கிறார்கள். அதற்கப்புறம்தான் வாயைத் திறக்கிறார்கள்.

நான் எண்ணி வைத்தவை ஆறு. சமமானவர்கள் கொடுத்து வாங்கினால் 'மொராவு'. சிநேகிதன் கொடுத்த சுருட்டுக்கு அது. பெண் எடுப்பதற்கும் அதுவே. மேலே உள்ளவர் கொடுத்தால் 'இத்ததாக்கு'. தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பது என்பது அதன் பழைய பொருள். நம் விண்ணப்பங்களில் 'சிரமேற்கொண்டு' என்று எழுதுவோமே, அதற்குப் பக்கத்து வீடு. யார் எவர் என்ற பேச்சே இல்லாமல் பார்சல் கைக்கு வந்து சேர்ந்தது என்றால் 'உக்கெத்தோரு'. வைத்தியம், பரீட்சை, காயம் இவற்றுக்கெல்லாம் 'உக்கெரு'. இன்னொருவர் பொருளைப் பத்திரமாக வைத்திருந்து திருப்பித் தருவதற்காக வாங்கினால் 'அசுக்காரு'. கடைசியாக, கன்னத்தில் வாங்கினால் 'குராவு', அதாவது தின்பது. நாமும் அடி தின்கிறோம் அல்லவா, அதேதான். அந்த ஆறாவது சொல்லுக்கு மட்டும் வாத்தியார் உதாரண வாக்கியம் சொல்லவில்லை. நேரடியாகப் பாடம் நடத்தினார்.

யுத்தம் முடிந்து ஊர் திரும்பியபோது இந்த ஆறும் என்னோடு கப்பலில் வந்தன. காளப்பநாயக்கன்பட்டியில் இவற்றை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விலைபோயிருக்காது.

3. ஏற்றம்

வந்தவர் பெயர் ஹமதா. நாற்பது வயதிருக்கும். ஒல்லி. தலையில் துணித் தொப்பி, தோளில் பதினாறு துணிப்பைகள் மாட்டிய ஒரு கித்தான் சட்டகம். அவ்வளவும் விதைக்கு. தினை, வரகு, சாமை போன்ற சிறுதானியங்களைத் தேடி ஊர் ஊராக அலைகிறவர். பதினைந்து பைகளை ஏற்கனவே நிரப்பிவிட்டார். ஒன்று காலி. பாறைச் சரிவில், மழை ஏமாற்றினாலும் நின்று விளையும் ஒரு சாமை கொல்லிமலையில் இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சாமைக்காகவே பயணத்தை நீட்டிக்கொண்டு வந்திருந்தார். அது கிடைக்காவிட்டால் வந்ததில் பாதி வீண் என்று என்னிடம் சொன்னார். முகத்தைப் பார்த்தால் முழுவதுமே வீண் என்பதுபோல் இருந்தது.

மலைப்பாதையில் அவர் நடந்தார். நானும் நடந்தேன். ஆபீசர் டோலியில் வந்தார். நாலு பேர் அவரைச் சுமந்தார்கள், ஐந்தாவது ஆள் அவருடைய வெற்றிலைப் பெட்டியைச் சுமந்தான். போட்டோ பிடிப்பதற்கு நாமக்கல்லிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்திருந்தார். வழியில் ஆறேழு தடவை டோலியை இறக்கச் சொல்லி, "காத்து நல்லா இருக்குய்யா" என்றார். சுமந்தவர்களுக்குக் காற்று தேவையாக இருந்தது.

மலைமேல் திண்ணனூர் நாடு என்ற பகுதியில் எட்டு வீடுகள் உள்ள ஒரு ஊர். அங்கே செங்கோடன் என்பவரிடம் அந்தச் சாமை இருந்தது. என் வயதுக்காரர், கட்டையான ஆள். பேசுவதற்கு முன் எதிரில் இருப்பவரைத் தலை முதல் கால் வரை ஒரு முறை அளந்துகொள்வார். இரண்டு வருஷமாக மழை சரியில்லை. அதனால் மற்ற வீடுகளில் அந்த விதை அற்றுப்போய், அவர் வீட்டுப் பானை ஒன்றில்தான் மிச்சம் இருந்தது.

"குடுப்பீங்களா?" என்று நான் கேட்டேன்.

"குடுக்கலாமுங்க. ஒரே ஊட்டுல வெச்சிருந்தா எனக்கும் பயந்தானுங்க. எலி பூந்தா முடிஞ்சுது" என்றார். "மொதல்ல சாப்புடுங்க."

சாமைச் சோறும் அவரைக் குழம்பும் போட்டார்கள். ஹமதா இலைக்கு முன் கைகூப்பி, "இத்ததாக்கிமாஸ்" என்றார். சாப்பிடுவதற்கு முன் அவர்கள் சொல்லும் வார்த்தை அது.

செங்கோடனின் மனைவி குழம்புக் கரண்டியோடு நின்று, "சாமி கும்புடறாருங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. நீங்க குடுத்ததைத் தலைமேல வெச்சு வாங்கிக்கறேன்னு சொல்றாரு."

"அதுக்கு இன்னும் குழம்பே ஊத்தலீங்களே" என்றார் அந்த அம்மாள். நான் மொழிபெயர்த்தேன். குழம்பு ஊற்றியதும் ஹமதா மறுபடியும் கைகூப்பினார், அதற்கும் ஒரு கரண்டி விழுந்தது. அந்த ஊரில் அன்றைக்கு இரண்டு முறை குழம்பு கிடைத்தவர் அவர் ஒருவரே.

4. கத்தி

சாப்பாடு முடிந்ததும் ஆபீசர் விழாவைத் தொடங்கினார். வீட்டு வாசலில் செங்கோடனை ஒரு பக்கமும் ஹமதாவை ஒரு பக்கமும் நிறுத்தி, நடுவில் தான் நின்றார். "இந்திய மலைமக்கள் சார்பாக ஜப்பானிய மக்களுக்கு இந்தச் சாமை அன்பளிப்பாக வழங்கப்படுகிறது" என்றார்.

செங்கோடன் என்னிடம் குனிந்து, "மக்களெல்லாம் எங்கீங்க வந்தாங்க? நாந்தானுங்களே குடுக்கறேன்" என்றார்.

"பேசாம இருங்க, போட்டோ எடுக்கறாங்க" என்றேன்.

ஹமதா விரித்த துணிப்பையில் செங்கோடன் ஒரு படி சாமையைப் போட்டார். ஹமதா பையை இரண்டு கையாலும் நெற்றிக்கு மேல் உயர்த்தி, இடுப்பு வரை குனிந்தார். இலக்கணப் புத்தகத்தில் இத்ததாக்கு என்ற சொல்லுக்குப் படம் போட்டதுபோல் இருந்தது. போட்டோக்காரரும் அமுக்கினார். எல்லாம் நன்றாகவே நடந்திருக்கும். ஆனால் ஜப்பானியர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. அன்பளிப்பு வாங்கினால் கைம்மாறாக ஏதாவது கொடுக்காமல் அவர்களுக்குத் தூக்கம் வராது. ஹமதா சட்டைப்பையிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை எடுத்தார். கிளை கழிப்பதற்கானது, கைப்பிடி மரம், நல்ல எஃகு. அதையும் இரண்டு கையாலும் நீட்டினார்.

செங்கோடன் கத்தியைப் பார்த்தார். "இது எதுக்குங்க?"

"சாமை குடுத்தீங்கல்ல, அதுக்குப் பதிலாத் தர்றாரு."

"பதிலுன்னா, வெலைங்களா?"

"அப்படிச் சொல்லக்கூடாதுங்க. மரியாதை."

"வெதைக்குப் பதிலாக் கைமேல ஒண்ணக் குடுத்தா அதுக்கு எங்கூர்ல வெலைன்னுதானுங்க பேரு" என்றார். ஹமதாவின் கையிலிருந்து பையை மெதுவாக எடுத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, சாமையைப் பானையிலேயே கொட்டினார். பையை நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். ஹமதாவின் முகம் வெளுத்துவிட்டது. கத்தி நீட்டிய கையிலேயே இருந்தது. போட்டோக்காரர் இதையும் எடுக்கவா என்று ஆபீசரைக் கேட்டார்.

பிறகுதான் வழக்கத்தைச் சொன்னார்கள். முன்னமே சொல்லியிருக்கலாமே என்றால், கேட்டிருக்கலாமே என்பார்கள். அந்த ஊரில் விதையை விற்பதில்லை, தானம் செய்வதும் இல்லை. கேட்டவருக்குக் கொடுப்பார்கள். வாங்கியவர் தன் மண்ணில் விதைத்து, விளைந்ததில் அதே அளவும் மேலே ஒரு கைப்பிடியும் கொண்டுவந்து திருப்பவேண்டும். வெளியே போன விதை வீடு திரும்பும் வரை கொடுத்தவர் அந்தப் பானையிலிருந்து எடுத்து விதைக்கமாட்டார். செங்கோடனின் மேட்டுச் சரிவில் வேறு எந்தத் தானியமும் நிற்காது. அப்போது மாசி மாதம். ஆடியில் விதைப்பு. அதற்குள் ஏதாவது திரும்பி வராவிட்டால் அவருடைய மேட்டுக்காடு அந்த வருஷம் சும்மா கிடக்கும். இதெல்லாம் தெரிந்துதான் அவர் கொடுக்கச் சம்மதித்திருந்தார்.

ஹமதா தாழ்ந்த குரலில் கேட்டார்: "அப்படியானால் இது இத்ததாக்கு இல்லையா?"

"இல்லை. அசுக்காரு" என்றேன்.

அவருக்கு அந்த ஒரு சொல் போதும். உடனே புரிந்துகொண்டார். புரிந்துகொண்டதுதான் தொல்லையாகப் போயிற்று. "அசுக்காரு என்றால் நான் வாங்கமுடியாது" என்றார். "இது என் நாட்டில் கதிர் விடுமா என்று எனக்கே தெரியாது. திருப்பித் தருவேன் என்று உறுதி சொல்லமுடியாத ஆள் அந்தச் சொல்லால் வாங்கக்கூடாது."

இதை நான் தமிழில் சொன்னேன். ஆபீசருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஆகட்டும்னு சொல்லச் சொல்லும்யா. பையை வாங்கிட்டுப் போகச் சொல்லும். ஜப்பான் வரைக்கும் போயி எவன் அளந்து பாக்கப்போறான்?"

ஆபீசர் ஒன்றை மறந்துவிட்டார். செங்கோடனுக்குத் தமிழ் தெரியும்.

5. துண்டு

செங்கோடன் ஆபீசரை மேலும் கீழும் ஒரு முறை அளந்தார். பிறகு ஹமதாவைக் காட்டி என்னிடம் கேட்டார். "அவரு என்னங்க சொன்னாரு? முடியாதுன்னுதானுங்களே தலையாட்டறாரு?"

"ஆமாங்க. திருப்பித் தர முடியுமான்னு தெரியாம வாங்கமாட்டேங்கறாரு."

"அப்ப அந்தாளுக்குக் குடுக்கலாமுங்க" என்றார்.

அரசாங்கத்தில் இப்படி ஒரு நியாயம் கிடையாது. வாங்கமாட்டேன் என்கிறவனுக்கு நாங்கள் எதையும் கொடுத்ததில்லை.

"ஆனா அவரு கடலுக்கு அக்கட்டால போயிருவாரு. இங்கத்த ஆளு ஒருத்தரு அவருக்காவ மடியேந்தோணும். அவருதான் எனக்கு ஜவாப்பு" என்றார் செங்கோடன்.

ஊர்க்காரர்கள் பதினோரு பேர் நின்றிருந்தார்கள். அத்தனை பேரும் ஆபீசரைப் பார்த்தார்கள். ஆபீசர் தனக்கு எந்த நேரத்திலும் மாற்றல் உத்தரவு வரலாம் என்றார். அவர் அங்கே வந்த நாளிலிருந்து அதை விரும்பிக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் அது ஒரு தகுதிக்குறைவாகப் பயன்பட்டது. போட்டோக்காரர் நாமக்கல்காரர் என்பதால் தான் கணக்கில் வரமாட்டேன் என்றார். டோலிக்காரர்கள் சிரித்தார்கள்.

செங்கோடன் என் பக்கம் திரும்பினார். "நீங்களே ஏந்துங்க."

"நானுங்களா? நான் எதுக்குங்க? நான் ஒண்ணும் பேசலையே. அவர் பேசுனதைச் சொன்னேன், அவ்வளவுதான்."

"அது எனக்கெப்படித் தெரியுமுங்க? காலையிலிருந்து உங்க வாயிதானுங்க பேசுது. அவரு பாட்டுக்குக் குருவியாட்டம் என்னமோ சொல்றாரு."

"துபாஷிங்கறவன் நடுவுல இருக்கற ஆளுங்க. அவனுக்கு எதுலயும் பொறுப்பு கிடையாது."

"நடுவுல இருக்கறவருகிட்டதானுங்க ரெண்டு பக்கமும் சாமான் போவுது" என்றார். கூட்டத்தில் ஒருவர், "துண்டை எடுங்க சாமி, பொழுது போவுது" என்றார்.

ஹமதா இவற்றில் ஒன்றும் புரியாமல் என்னையே பார்த்தார். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். சொன்னேன். வேண்டாம் என்று தடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் மறுபடியும் இடுப்பு வரை குனிந்தார், இந்தத் தடவை எனக்கு. நாற்பது வயது மனிதர், கடல் தாண்டி வந்தவர், ஒரு பை காலியாக நிற்கிறார். நான் தோளிலிருந்து துண்டை எடுத்து மடியில் விரித்தேன். செங்கோடன் ஒரு படி சாமையை அதில் கொட்டினார். படியின் விளிம்பைத் தட்டி, ஒட்டியிருந்த மணிகளையும் உதிர்த்தார். பானையின் வாயைத் துணியால் கட்டினார். என்னிடம் அவர் கடைசியாகச் சொன்னது: "நீங்களும் ஒரு ஆழாக்காச்சும் உங்க மண்ணுல போடோணும். மத்ததை அவருகிட்டக் குடுங்க. ஆடிக்கு முன்ன வாரதுதானுங்க எனக்கு உசுரு."

எனக்கு மண்ணே கிடையாது என்று சொன்னேன். நிற்கிற இடத்துக்கு என்ன பேர் என்று கேட்டார்.

கத்தி என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம். ஹமதா அதை எனக்குக் கொடுத்தார். நான் அதை மொராவு என்ற முறையில் வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு நடந்தவற்றில் சிக்கல் இல்லாமல் முடிந்த காரியம் அது ஒன்றுதான்.

6. குருவிகள்

காளப்பநாயக்கன்பட்டியில் நான் குடியிருந்தது வாடகை வீடு. பின்பக்கம் கிணறும் இரண்டு செண்ட் காலி இடமும் இருந்தன. என் மனைவி துணி உலர்த்தும் இடம் அது. அதைக் கொத்தி, படியில் எட்டில் ஒன்றான அந்த ஆழாக்குச் சாமையை விதைத்தேன். அதுவரை நான் மண்ணில் போட்டது வெற்றிலை எச்சில் மட்டும்தான்.

"ஏனுங்க, துணியை எங்க போடறது?" என்று என் மனைவி கேட்டாள்.

"ஜப்பானியர்களுக்காக ஒரு மூணு மாசம் பொறுத்துக்க."

"அவங்களுக்காகத்தான் மலாயாவுல மூணு வருசம் நீங்க வராம நான் பொறுத்தேனுங்களே" என்றாள். நான் கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் இறைக்கத் தொடங்கினேன்.

விதை முளைத்தது. முளைத்த பிறகு தெரிந்தது, சாமையை உலகத்தில் யாரும் சும்மா விடுவதில்லை என்று. வீட்டுக்காரரின் ஆடு வேலியை நாலு இடத்தில் பிரித்தது. ஆட்டைப் பற்றி நான் முறையிட்டபோது, வாடகை ஒப்பந்தத்தில் விவசாயம் இல்லையே என்றார் வீட்டுக்காரர். ஆட்டுக்கும் அதில் இடமில்லை என்றேன். ஆடு எந்தக் காலத்திலும் ஒப்பந்தத்தைப் படித்ததில்லை என்றார். கதிர் விட்டதும் குருவிகள் வந்தன. காலையில் பத்தொன்பது, சாயங்காலம் முப்பதுக்குக் குறையாது. தகரத்தைத் தட்டினால் எழுந்து கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து, நான் ஆபீஸ் கிளம்புவதற்காகக் காத்திருக்கும். என் மனைவிதான் பகலெல்லாம் தகரம் தட்டினாள். துணி உலர்த்த இடமில்லை என்று சொன்னவள் மூன்றாவது வாரத்தில், "இன்னிக்கு ஒரு குருவியும் வாய் வெக்கலீங்க" என்று எனக்குத் தகவல் சொல்லத் தொடங்கினாள்.

செங்கோடன் மிளகு கொண்டுவந்து பேளுக்குறிச்சி வாரச்சந்தையில் போடுவார். சந்தை முடிந்ததும் நேரே என் வேலிக்கு வந்து நிற்பார். உள்ளே வாங்க என்றால் வரமாட்டார். அங்கிருந்தே பயிரைப் பார்ப்பார்.

"தண்ணி ஊத்தி ஊத்திச் சோம்பேறி ஆக்கிப்போட்டீங்களே."

"காயுதுங்களே, ஊத்தாம என்ன பண்றது?"

"காயட்டுமுங்க. அது பாறையில நிக்கற சாதி. நீங்க அதுக்கு ஆபீசு வேலை குடுத்துட்டீங்க" என்பார். பிறகு குரலை இறக்கிக் கேட்பார். "ஆடிக்குள்ள வந்துருமுங்களா?" அந்தக் கேள்விக்கு முன்னால் சொன்ன எல்லாக் கேலியும் அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகத்தான் என்று எனக்குத் தெரியும். வந்துரும் என்பேன். அவர் போனபிறகு கதிர்களை எண்ணுவேன். எண்ணினால் கதிர் கூடுமா என்று என் மனைவி கேட்பாள்.

ஆனி பிறந்ததும் ஜப்பானிலிருந்து ஒரு சிறு பார்சல் வந்தது. ஹமதா சாமையைக் கண்ணாடிக் கூடத்தில் விதைத்திருக்கிறார். அங்கே பகல் நீளமாம். சாமை அதை நம்பி இலையாக விட்டுக்கொண்டே போகிறதாம், கதிர் விடவில்லை. தன்னால் சொன்ன காலத்தில் திருப்ப முடியவில்லை என்று மூன்று பத்தி மன்னிப்பு. கூடவே, தன் சொந்த ஊர் வயலில் தானே விளைவித்த தினை, கால் படி.

7. அளந்தது

என் அறுவடை முக்கால் படி. மூன்று முறை அளந்தேன், முக்காலேதான். திருப்ப வேண்டியது ஒரு படியும் ஒரு கைப்பிடியும். பேளுக்குறிச்சிச் சந்தையில் சாமை விற்கிறது, கால் படி வாங்கிச் சேர்த்தால் தெரியவா போகிறது என்று ஆபீசர் யோசனை சொன்னார். அவர் அப்போதும் மாற்றலுக்குக் காத்திருந்தார். ஆனால் சந்தையில் விற்பது அந்தச் சாமை இல்லை, மேட்டுக்காட்டில் விதைத்தால் இரண்டாவது மாதம் படுத்துவிடும், அப்புறம் நான் மலைப்பக்கமே தலைகாட்ட முடியாது. எனவே வேறு வழி கண்டுபிடித்தேன். குமாஸ்தாவுக்குத்தான் இப்படித் தோன்றும்.

இரண்டு பொட்டலங்களையும் எடுத்துக்கொண்டு மலையேறினேன். இந்தத் தடவை டோலி இல்லை, போட்டோ இல்லை. செங்கோடன் வீட்டு வாசலில் அன்றைக்கு நின்றவர்களில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். பொட்டலங்களைப் பிரித்து வைத்தேன்.

"சாமை முக்கால் படி. தினை கால் படி. ஆக மொத்தம் ஒரு படி" என்றேன்.

செங்கோடன் என்னை அளந்தார். "ஆட்டையும் மாட்டையும் கூட்டிக் கணக்குச் சொல்லுவீங்களாட்டம் இருக்குதுங்க."

அவருடைய மனைவி சிரித்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மற்றவர்கள் மூடிக்கொள்ளவில்லை. நான் குருவிகளைச் சொன்னேன், ஆட்டைச் சொன்னேன், வீட்டுக்காரரைச் சொன்னேன், ஜப்பானியப் பகலின் நீளத்தைச் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. செங்கோடன் சாமையில் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். உள்ளங்கையில் கொஞ்சம் ஊதிப் பார்த்தார். உமி பறந்தது, மணி நின்றது. பிறகு உள்ளே போனார். பானையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்து, வாய்க்கட்டை அவிழ்த்தார்.

"குறையுதுங்களே" என்றேன். எனக்கே ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"குறையுது. ஆனா ஊட்டுக்கு வந்துருச்சுங்க." என் முக்கால் படியைப் பானையில் கொட்டினார். மனைவியைப் பார்த்து, "நாளைக்கு மேட்டுக்காட்டை உழுவச் சொல்லு" என்றார். அந்த அம்மாள் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார். புகை வந்தது. கூட்டத்தில் ஒருவர், அவரும் அந்த விதையை இழந்தவர்தான், பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. குறைந்தாலும் பரவாயில்லை என்றால் முதலிலேயே சொல்லியிருக்கலாம். நாலு மாதம் நான் தூங்கவில்லை. கேட்டேன்.

"கால் படியும் கைப்புடியும் பாக்கிங்க. அது அப்படியே இருக்கட்டும்" என்றார் செங்கோடன். "முழுசாக் குடுத்துட்டீங்கன்னா அப்பறம் எதுக்குங்க நீங்க மலையேறப் போறீங்க?"

அடுத்து தினையைப் பார்த்தார். நம் தினையைவிட நிறம் கூடுதல், மணி சற்றுப் பெரிது. "இது அந்தாளு தன்ற காட்டுல வெளஞ்சதைக் குடுத்தாருங்களா?"

"ஆமாங்க. மன்னிப்புக்காக அனுப்பியிருக்காரு."

"மன்னிப்பெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. வெதை வந்திருக்குது, நான் வாங்கிக்கறேன்." துண்டை மடியில் விரித்தார். கொட்டச் சொன்னார். கொட்டினேன். "வெளஞ்சதும் கால் படியும் ஒரு கைப்புடியும் அவருக்குத் திருப்போணும். அதுவரைக்கும் அவரு இந்தத் தினையைத் தன்ற காட்டுல போட வேண்டாமுன்னு எழுதிப்போடுங்க."

"அவங்க ஊர்ல அந்த வழக்கம் இல்லீங்க."

"எங்கூர்ல இருக்குதுங்களே. நானுல்ல வாங்கியிருக்கறேன்." கொஞ்சம் யோசித்தார். "அவரு அங்கிருந்து எம்மேல கேள்வி கேக்கறதுக்கு இங்க ஒரு ஆளு வேணுமில்லீங்க? நீங்களே இருங்க."

ஆக, நான் ஒரு சாமைக்கு ஜப்பானியர் சார்பாகச் செங்கோடனுக்குப் பிணை. ஒரு தினைக்குச் செங்கோடன் சார்பாக ஜப்பானியருக்குப் பிணை. அரசாங்கம் எனக்கு இதற்கும் படி தரவில்லை. ஹமதாவுக்கு எழுதினேன். செங்கோடன் உங்கள் தினையை வாங்கிக்கொண்டார் என்று எழுத உட்கார்ந்தபோது, எந்தச் சொல் என்று ஒரு நொடியும் யோசிக்கவில்லை. அசுக்காரு. பேனா தானாகவே போயிற்று.

இப்போது துபாஷி வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் அகராதி எது நல்லது என்று கேட்கிறார்கள். எதுவானாலும் வாங்கிக்கொள்ளுங்கள், கனமாக இருந்தால் தலைக்கு வைத்துப் படுக்கலாம். நான் கற்றது வேறு. ஒருவர் கையிலிருந்து ஒன்று இன்னொருவர் கைக்குப் போகும்போது அதற்கு என்ன பேர் என்று தேடாதீர்கள். வாங்கியவர் நாளைக்கு எழுந்து என்ன செய்யவேண்டும் என்று கேளுங்கள். அது தெரிந்துவிட்டால் சொல் காலடியில் கிடக்கும். தெரியாமல் சொன்ன சொல் எவ்வளவு மரியாதையானதாக இருந்தாலும் சாமை பானைக்கே திரும்பிவிடும். நடுவில் நிற்கிறவனுக்குப் பொறுப்பில்லை என்று உங்களுக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால், அவர் ஆபீசில் மட்டுமே மொழிபெயர்த்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுவருஷம், கொல்லையில் சிந்திய மணிகள் முளைத்து விளைந்ததில் நான் கால் படியும் கைப்பிடியும் கொண்டுபோனேன். செங்கோடன் அளந்து பார்த்தார். சரியாக இருந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை. கைப்பிடியை மட்டும் எடுத்து என்னிடமே திருப்பி நீட்டி, "உங்க கை பெருசுங்க, இது சாஸ்தி. கொண்டுபோயி வெதைச்சு, சரியா ஒரு கைப்புடி கொண்டாங்க" என்றார்.

என் கை சிறியது. நான் துண்டை விரித்தேன்.